உலகளந்த லாம்டன்

நிலமளத்தல் நம் தமிழ்நாட்டிற்குப் புதிய தொழிலன்று. முதலாம் இராசராச சோழன் ஆட்சியில் நாடு முழுவதும் அளக்கப்பெற்றதென்பதும், வேலியின் மிகச் சிறிய பின்னங்களும் விடாது கணக்கில் ஏறினவென்பதும் கல்வெட்டுக்களால் நாம் அறிந்தவை. அக்காலத்து அளவுகோலுக்கு உலகளந்த கோல் என்னும் பெயரும் வழங்கியது. ஆயினும், அக்கோல் அளந்தது உலகையன்று, வயலையும் தோட்டத்தையுமே. ஒரு சிற்றூரின் வயலை அளப்பவன் நிலம் தட்டையானதென்று கொண்டு அளந்தாலும் பிழையொன்றும் நேராது. ஒரு தேசம் முழுவதையும் அளக்கப் புகுவோனுக்கோ அவ்வாறு கொள்ளுதல் இயலாது. அவன் காலடியிலுள்ள நிலம் உருண்டையின் மேற்புறம். அது வளைந்து செல்கிறது. அவ்வளைவு எத்தகையதென்று அறிந்தாலன்றித் தேசப்படம் மெய்யாகாது. இவ்வுண்மையை உள்ளத்திற் கொண்டு, நம் சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலை அடிவாரத்திலே தொடங்கி, மெய்யாகவே உலகை அளக்க முற்பட்ட ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கிக் கூறுவோம். அவர் கர்னல் வில்லியம் லாம்டன்.

லாம்டன் 1753ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாகாணத்தில், நார்தாலர்ட்டன் என்னும் ஊரை அடுத்த ஒரு பண்ணையிலே பிறந்தார். பெற்றோர் எளிய குடியினர். செல்வமும் செல்வாக்கும் இல்லாதவர். அவ்வூர்ப் பள்ளியிலே இலவசமாகக் கல்வி பெற்ற சிறுவனுக்குக் கணித நூல் ஒன்றே பெருஞ்செல்வமாக அமைந்தது. 1781ஆம் ஆண்டில் அவர் படையிற் சேர்ந்தார். மறு ஆண்டில் 33ஆம் காலாட்படைக்கு மாறினார். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலைக்காகப் போர் புரிந்த காலம் அது. போர் முடிந்தபின் கனடாவைச் சார்ந்த நியூ பிரன்சுவிக்கில் நெடுங்காலம் தங்கி, நிலமளக்கும் வேலையிலும் படைவீடுகளை மேற்பார்க்கும் வேலையிலும் ஈடுபட்டார்.

அக்காலத்திலே அவருக்கு ஒரு பேரிழப்பு நேர்ந்தது. சூரிய கிரகணமொன்றைத் தக்க காப்பின்றி உற்றுநோக்கியதால் ஒரு கண்ணின் ஒளி கெட்டது. பின்னாளில் பல காததூரத்திலுள்ள கொடியொன்றைத் தூரதரிசினியின் நடுக்கம்பியிலே இம்மியும் பிசகாது நிறுத்தும் வேலையைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர், அதனை ஒற்றைக் கண்ணாற் செய்தாரென்பது நினைத்தற்குரியது. அத்தனிமையான ஆண்டுகளில் அவர் தாமே முயன்று உயர்கணித நூல்களையும் வானநூல்களையும் பயின்றார். ஆசிரியருமின்றித் தோழருமின்றி வளர்ந்த அறிவு அது.

1797ஆம் ஆண்டளவில் அவர் தம் படையோடு இந்தியா வந்து சேர்ந்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது, பதவியோ தாழ்ந்தது. அப்படைக்குத் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெலிங்டன் கோமகன் என்று புகழ்பெற்றவர் அவரே. 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு நடந்த மைசூர்ப் போரில் லாம்டனும் சென்றார். சீரங்கப்பட்டணத்தை நெருங்கிய வேளையில், ஓரிரவு ஜெனரல் பெயர்டு என்பவர் ஒரு படைப்பிரிவை நடத்திச் சென்றார். இருளிலே வழி மாறிற்று. விண்மீன்களை நோக்கிய லாம்டன், படை வடக்கே செல்வதற்கு மாறாகத் தெற்கே, பகைவர் இருக்குமிடத்தை நோக்கிச் செல்கிறதென்று கண்டு தலைவருக்கு அறிவித்தார். தலைவர் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர்த் திசையறி கருவியைக் கொண்டு நோக்க, லாம்டன் கூறியதே மெய்யாயிற்று. வானத்தை நோக்கி நிலத்தில் தன் இடத்தை அறிதல் வீண் புலமையன்று, பலர் உயிரைக் காப்பதென்று அவ்விரவு காட்டிற்று.

போர் முடிந்தது. மைசூர் நாடு ஆங்கிலக் கம்பெனியாரின் செல்வாக்கிற்கு உட்பட்டது. கைக்கொண்ட நாட்டைப் படத்திலே காணும் விருப்பம் ஆட்சியாளருக்கு எழுந்தது; வரி தண்டுதற்கும் படை செலுத்துதற்கும் அது வேண்டியிருந்தது. இதனை நாம் மறைத்துக் கூறவேண்டுவதில்லை. இந்த வேளையிலே லாம்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தீபகற்பத்தின் கீழ்க்கடலிலிருந்து மேல்கடல் வரை முக்கோணங்களாலே ஒரு பிணைப்பு அமைக்க வேண்டும். அதன் மூலம் முக்கியமான இடங்களின் அட்சமும் தீர்க்கமும் திட்டமாக அறியப்பட வேண்டும். மேலும் தென்வடலாக ஒரு நீண்ட கோட்டை அளந்து பூமியின் உருவத்தையே ஆராய வேண்டும் என்பன அத்திட்டத்தின் பகுதிகள். வெல்லெஸ்லி அதனை ஆதரித்தார்; சென்னைக் கவர்னராயிருந்த கிளைவ் பிரபுவும் இசைந்தார். ஆயினும் எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. பொக்கிஷக் கணக்கை ஆராயும் சபையைச் சேர்ந்த ஒருவர், சீரங்கப்பட்டணம் போகவேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாற் போதுமே, அதற்கு இத்தனை செலவு எதற்கென்று ஏளனம் செய்தாராம். பயன் உடனே கண்ணுக்குத் தோன்றாத அறிவு முயற்சிகள் எல்லாக் காலத்தும் எதிர்கொள்ளும் கேள்வி அது.

முக்கோண அளவையென்பது யாதென்று ஈண்டுச் சிறிது விளக்குவோம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்றிரு பக்கங்களின் நீளத்தைக் கணக்கினாலேயே அறியலாம். நடந்து அளக்க வேண்டுவதில்லை. அவ்வாறு அறிந்த பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடியாகும், அதனின்று மற்றொன்று. இங்ஙனம் மலைக்கு மலை தாவி நூற்றுக்கணக்கான மைல்கள் செல்லலாம். ஆனால் எல்லாவற்றிற்கும் முதலாக ஒரே ஒரு கோட்டையாவது தரையிலே கையால் அளந்தாகவேண்டும். அதுவே ஆதாரக்கோடு எனப்படும். அதில் ஓரடி பிழை இருக்குமாயின், அதன்மேற் கட்டிய கணக்கனைத்தும் அதே விகிதத்திற் பிழைபடும். அடித்தளம் கோணிய வீடு எத்தனை மாடி எழுந்தாலும் கோணலே யன்றோ!

இத்தகைய வேலைக்குக் கருவிகள் எங்கே? ஆதாரக்கோட்டை அளத்தற்குரிய நூறடி எஃகுச் சங்கிலி கல்கத்தாவிலே கிடைத்தது. இலண்டனில் ராம்ஸ்டன் என்னும் வல்லுநர் செய்தது அது. மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவினர் 1793ஆம் ஆண்டில் சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுசென்ற பொருள்களுள் ஒன்றாக இருந்து, ஏற்கப்படாமல் திரும்பி, அக்குழுவைச் சார்ந்த அறிஞரொருவர் வாயிலாக லாம்டன் கைக்கு வந்தது. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட்டோ இலண்டனிலே கேரி என்பவரால் செய்யப்பட்டது. அதன் வட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம். எடை ஏறக்குறைய அரை டன். அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கடலிலே கைப்பற்றி மொரீசுத் தீவிற்குக் கொண்டுபோயினர். இரு நாடுகளுக்கும் பகை மூண்டிருந்த காலம் அது. எனினும் அத்தீவின் பிரெஞ்சுக் கவர்னர், அது அறிவாராய்ச்சிக்குரிய கருவியென்று கண்டு, மரியாதையான கடிதமொன்றோடு அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். பகைமைக்கும் மேலாக அறிவின் உறவு ஒன்றுண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் நாள் பரங்கிமலையின் அருகே ஆதாரக்கோட்டின் அளவை தொடங்கிற்று. அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரையில் ஏழரை மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம். நடந்து சென்றால் மூன்று மணி நேரத்தில் கடக்கலாம். லாம்டனுக்கோ மே மாதம் 22ஆம் நாள் வரை சென்றது. சங்கிலி தரையிலே போடப்படவில்லை. முளைகளின்மேல் மட்டம் பார்த்து வைத்த நீண்ட மரப்பெட்டிகளில் கிடத்தப்பட்டது. வெயில் படாதவாறு மேலே கூடாரம் இடப்பட்டது. பெட்டிகளினுள்ளே வெப்பமானிகள் வைக்கப்பட்டன. எஃகு சூட்டால் நீளும். பத்துப் பாரன்ஹீட் பாகை வெப்பம் மிகுந்தால் நூறடிச் சங்கிலி ஓரங்குலத்தின் பதின்மூன்றில் ஒரு பங்களவு நீளும். இது அற்பமென்று தோன்றும். ஆனால் அச்சங்கிலியை 400 முறை எடுத்தெடுத்து வைக்க வேண்டும். ஆகவே முடிவில் அவ்வற்பமே இரண்டரை அடியாகப் பெருகிவிடும். சென்னையின் சித்திரை வைகாசி வெயிலிலே, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்து, சாய்வைக் குறித்து, பின்னர்க் கடல் மட்டத்திற்கு ஒப்பாகக் கணக்கிட்டுத் திருத்தி, 40,006 அடியென்று முடிவு கண்டனர். இந்திய நாட்டின் பெரும் முக்கோண அளவைக்கு அந்த ஒரு கோடே வித்தாயிற்று.

அதன்பின் தியோடலைட்டோடு பயணம் தொடங்கிற்று. குன்றின் உச்சியிலே அப்பெருங்கருவியை ஏற்றி, தொலைவிலுள்ள குன்றுகளில் நாட்டிய கொடிகளை நோக்கிக் கோணங்களை அளந்து மேற்கே சென்றனர். கோணங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. தட்டையான தாளில் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை யாகும். உருண்டையின் மேல் அமைந்த முக்கோணத்திலோ அத்தொகை சற்று மிகும். 75 சதுர மைல் பரப்பிற்கு ஏறக்குறைய ஒரு விகலை வீதம் மிகும். பூமி உருண்டையென்பதை லாம்டன் ஒவ்வொரு முக்கோணத்திலும் கணக்கிட்டே முன்சென்றார்.

அளந்தது சரியென்பதை எவ்வாறு அறிவது? அதற்கும் ஒரு வழி வகுத்திருந்தார். பெங்களூருக்கு அருகே 1804ஆம் ஆண்டில் மற்றோர் ஆதாரக்கோடு அவருடைய துணைவர் வாரன் என்பவரால் சங்கிலி கொண்டு நேரே அளக்கப்பட்டது. அதே கோட்டின் நீளம் பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வழியாகவும் கணிக்கப்பட்டது. இடையிலே மலைகளும் காடுகளுமாக நூற்றைம்பது மைலுக்கு மேற்பட்ட நாடு. இரு விடைகளுக்கும் வேறுபாடு நான்கங்குலத்திற்கும் குறைவு! பிறர் சோதிக்குமுன் தம் வேலையைத் தாமே கடுமையாகச் சோதித்துக்கொள்ளும் இயல்பு அவரிடம் இருந்தது. மேலைக் கடற்கரையை அடைந்தபோது அளவையின் பயன் யாவருக்கும் விளங்கிற்று. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே தீபகற்பத்தின் அகலம் 400 மைலென்று பழைய படங்கள் காட்டின. அது 360 மைலே என்று தெரியவந்தது. பல்லக்குத் தூக்குவோர் வழி காட்டுவர். தேசப்படத்திலே இல்லாத நிலம் நாற்பது மைல் ஏறியிருப்பதைக் காட்டுவரோ?

லாம்டனின் உள்ளம் மிகவும் பற்றியிருந்தது தென்வடல் கோட்டின் மேலேயே. பூமி முழு உருண்டையன்று, துருவங்களிலே சற்றுத் தட்டையானது என்று நியூட்டன் கணித்திருந்தார். அது மெய்யாயின், அட்சத்தில் ஒரு பாகைக்குரிய தூரம் நிலநடுக்கோட்டருகே குறைந்தும் துருவத்தருகே மிகுந்தும் இருக்க வேண்டும். இக்காலத்துக் கணக்கின்படி முன்னது 68.7 மைல்; பின்னது 69.4 மைல். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் லாப்லாந்திற்கும் பெரு நாட்டிற்கும் சென்று அளந்து நியூட்டன் கூற்றை நிலைநாட்டினர். ஆயினும் தட்டையின் அளவு எவ்வளவென்பது திட்டப்படவில்லை. அதற்கு நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் நீண்ட கோடொன்று வேண்டியிருந்தது. குமரிமுனைக்கு அருகிலிருந்து வடக்கே நீளும் நம் நாடு அதற்கு ஏற்ற இடம்.

இக்கோட்டின் முனைகளிலே விண்மீன்கள் தலையுச்சிக்கு எவ்வளவு அருகே கடக்கின்றனவென்று அளந்து அட்சம் காணவேண்டும். தலையுச்சியைக் காட்டுவது தூக்குநூல். அந்நூல் ஒரு விகலை சாய்ந்தாலும் நிலத்திலே நூறடி பிழை நேரும். பெங்களூர்ப் பக்கத்திற் கண்ட அளவுகள் எதிர்பார்த்ததோடு ஒவ்வாமற் போகவே, லாம்டன் திகைத்தார். வேலையை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தார். முடிவில், நிலத்தின் கீழ் அடர்த்தி மிகுந்த பொருள்கள் ஒரு பக்கமாக இருந்து தூக்குநூலைத் தம்பால் இழுக்கின்றன என்று கருதினார். கொத்தனார் கையிலுள்ள தூக்குக்குண்டும் நேரே பூமியின் நடுவை நோக்கித் தொங்குவதில்லை என்னும் இவ்வுண்மை, பிற்காலத்துப் புவியளவை நூலுக்கு ஒரு பெரும்பகுதியாயிற்று. ஒவ்வாத விடையை மறைத்துவிடாமல் எழுதிவைத்த நேர்மையினால் விளைந்த பயன் இது.

1808ஆம் ஆண்டில் லாம்டன் தஞ்சை நாட்டிற்கு வந்தார். காவிரி பாயும் அச்சமவெளியிலே குன்று இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயிற் கோபுரங்களே குன்றுகளாக உதவின. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குத் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது, கருவி சுவரில் மோதாது விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள பெட்டி ஆடிச் சென்று கற்சுவரிலே மோதிற்று. கோணங்களைக் காட்டும் பெருவட்டம் வளைந்து உருக்குலைந்தது. வேறு கருவி வேண்டுமாயின் இங்கிலாந்திலிருந்தே வரவேண்டும். வருதற்கு ஆண்டுகள் செல்லும். ஆறாண்டு உழைப்பும் அங்கேயே நின்றுவிடுமென்றே பிறர் எண்ணியிருப்பர். லாம்டன் அக்கருவியோடு தனியே அமர்ந்தார். ஆறு வாரம் ஆப்புகளையும் திருகுகளையும் கொண்டு, வளைந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து, மீண்டும் வட்டமாக்கினார். அதன்பிறகு அக்கருவி பல ஆண்டுகள் உழைத்தது. இப்பொழுது டேராடூனில் போற்றி வைக்கப்பட்டுள்ளது. உலகளந்த கோலால் தன் நாட்டை அளப்பித்த இராசராசன் எழுப்பிய கோயிலின் சுவரிலே இந்நிகழ்ச்சி நேர்ந்ததை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகிறது.

மறு ஆண்டில் பாளையங்கோட்டைக்கு அருகே மற்றோர் ஆதாரக்கோடு அளக்கப்பட்டது. குமரிமுனைக்கு அருகிலிருந்து பீதருக்கு அண்மை வரையில் ஏறக்குறைய பத்துப் பாகை, அஃதாவது 700 மைலுக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள கோடு நாளடைவில் முடிவுற்றது. லாம்டன் காலத்தில் முக்கோணங்களால் அளக்கப்பெற்ற நிலப்பரப்பு ஏறக்குறைய 1,65,000 சதுர மைல். இது ஒருவரால் ஆகும் செயலன்று. கேட்டர், வாரன் போன்ற படைத்தலைவர்களும், சென்னை நிலவளவைப் பள்ளியிற் பயின்ற ஜோஷுவா டி பென்னிங் போன்ற துணைவர்களும் அவரோடு உழைத்தனர். கருவியைத் தோளிற் சுமந்து குன்றேறியவரும், சங்கிலி பிடித்தவரும், தனிமலையுச்சியிலே கொடி காத்தவரும் நம் நாட்டு எளிய மக்கள். காட்டுக் காய்ச்சலால் அவருட் பலர் மடிந்தனர். அவர்கள் பெயர்கள் எந்தப் படத்திலும் எழுதப்படவில்லை. எனினும் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் அவர்கள் உழைப்பு உண்டு.

1817ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியற் கழகம் லாம்டனைத் தன் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. இலண்டன் ராயல் சங்கமும் அவரை உறுப்பினராக்கிற்று. 1818ஆம் ஆண்டில் அவ்வளவை பெரும் முக்கோண அளவை என்னும் பெயரோடு கவர்னர் ஜெனரலின் நேர்ப் பார்வையிற் சேர்ந்தது. அவ்வாண்டே எவரெஸ்டு என்னும் இளைஞர் துணைவராக வந்தார். லாம்டனோ முதியவராயினும் தாய்நாடு திரும்ப நினைக்கவில்லை. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், 1823ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20ஆம் நாள், ஹிங்கன்காட் என்னும் ஊரிலே உயிர் நீத்தார். வயது ஏறக்குறைய எழுபது. அவர் கல்லறை அங்கேயே உள்ளது.

அவர் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்டு தொடர்ந்து, 1841ஆம் ஆண்டளவில் இமயமலை அடிவாரம் வரை அக்கோட்டை நீட்டினார். அப்பிணைப்பின் உதவியால் இமயச் சிகரங்கள் அளக்கப்பட்டன; வங்காளத்துக் கணித வல்லுநர் இராதாநாத் சிக்தார் கணக்கில் பெரும் பங்கு கொண்டார். உலகிலே மிக உயர்ந்த சிகரம் 29,002 அடி யென்று 1856ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1865ஆம் ஆண்டில் அதற்கு எவரெஸ்டின் பெயர் இடப்பட்டது. தொடங்கியவர் பெயரை எந்த மலையும் தாங்கவில்லை.

இன்று செயற்கைக் கோள்கள் விண்ணிலிருந்து ஒரு நொடியில் நம் இடத்தைக் காட்டுகின்றன. சங்கிலியும் மரப்பெட்டியும் பழம்பொருள்களாயின. ஆயினும் லாம்டனின் வாழ்க்கை நமக்குக் காட்டும் நெறி பழையதாகவில்லை. ஆயிரம் மைல் செல்லும் உண்மை, முதல் ஏழரை மைலில் காட்டிய பொறுமையின்மேல் நிற்கிறது. எவரும் பாராத இடத்தில், எவரும் கேளாத நுட்பத்தை, ஓரங்குலத்தின் சிறு பங்கிற்காக ஒவ்வொரு சங்கிலிக்கும் வெப்பமானியை நோக்கிக் குறித்தவரே உலகை அளந்தார். சிறியதில் உண்மையாயிருப்பவனிடமே பெரியது ஒப்புவிக்கப்படும் என்பது நாம் இளமை முதல் கேட்டு வரும் அறவுரை. கல்லூரியில் நாம் கழிக்கும் சில ஆண்டுகளும் நம் வாழ்வின் ஆதாரக்கோடேயாம். அதனை நேர்மையாக அளந்துகொள்வோமாயின், மேலே எழும் முக்கோணங்கள் எத்தனை யாயினும் பிழைபடமாட்டா.